மூணு ஷிப்ட் பசி

பசிதான் அன்னபுஷ்பத்தை எழுப்பியது. அலாரம் அடிக்க இன்னும் அரை மணி கிடந்தது. ராத்திரி எல்லாரும் பார்க்க ஒரு தட்டு, பிறகு பாத்திரம் விளக்குகிற சாக்கில் அடுப்படியில் நின்றபடியே இரண்டு தட்டு என்று மூன்று தட்டுச் சோறு உள்ளே போயிருந்தது. அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. வயிற்றில் தீய்ந்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஓர் இழுப்பு. கை நடுங்கியது. டிசம்பர் பனிக்கு ஆபிரகாம் கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தான். அவளுக்கோ ஜாக்கெட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸை ஓசையில்லாமல் இழுத்தாள். சர்ச்சுக்குக் கட்டுகிற இரண்டு புடவைகளுக்கு அடியில் ஒரு பொறை பாக்கெட், கொஞ்சம் பொட்டுக்கடலை, ஒரு கட்டி வெல்லம். பொறையைக் கடித்தால் சத்தம் வரும். வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு விழுங்கினாள். நாலு பொறை. கட்டிய புருஷன் பக்கத்தில் படுத்திருக்க, கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் கழித்து, சொந்த வீட்டில் இப்படித் தின்ன வேண்டியிருந்தது. அதை நினைத்து அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஐந்தாவது பொறையை எடுத்தாள்.

அடுப்படியில் ஜிம்மி கத்திக்கொண்டிருந்தது.

ஜிம்மி பூனை. கிருபாவதியின் மகன் டென்னிஸ் ஒன்பது வயதில் நாய்க்குட்டி கேட்டு அழுதான்; கிடைத்தது பூனைக்குட்டிதான். நினைத்து வைத்திருந்த நாய்ப் பேரை விட மனசில்லாமல் அதையே பூனைக்கு வைத்துவிட்டான். பதின்மூன்று வருஷமாயிற்று. டென்னிஸ் இப்போது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவனை இருங்காட்டுக்கோட்டை நெடுஞ்சாலையில் லாரி அடித்துவிட்டது. இருபது வயது. அவன் போனதற்குக் கிடைத்த நஷ்டஈட்டை வைத்துத்தான் வீட்டுக்குப் பின்னால் ஆறு ரூம் கட்டி கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. ரூம் ஆறும் கிருபாவதி பேரில். மெஸ் சமையல் அன்னபுஷ்பம் பொறுப்பில். பதினோரு பையன்கள், எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம்.

கிருபாவதி ஆபிரகாமின் அக்கா. புருஷன் செத்து, கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அவள் செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போக, ஒரு வயசு டென்னிஸை இடுப்பில் வைத்து வளர்த்தது அன்னபுஷ்பம். அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை. பிறக்காததற்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆபிரகாம் ஒருமுறை சொன்னபோது, "இவன் ஒருத்தன் கீறானே, போதும்" என்று விட்டுவிட்டாள். அந்த ஒருத்தனும் போன பிறகு, அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அரிசியை உலையில் போட்டுவிட்டு, செம்பரம்பாக்கம் ஏரி ஜிலேபி மீன் தலை இரண்டை வேகவைத்து, சோற்றில் பிசைந்து ஜிம்மியின் ஈயத்தட்டில் வைத்தாள். பூனை தட்டோடு நகர்ந்து நகர்ந்து தின்றது. முடித்து, தட்டை நக்கி, நிமிர்ந்து மறுபடி கத்தியது. முதுகெலும்பு கயிற்று முடிச்சு மாதிரி வரிசையாகத் தெரிந்தது. முடி சடைபிடித்து, பழைய மிதியடி போல் இருந்தது.

சத்தத்தில் கிருபாவதி எழுந்து வந்தாள். கொண்டையை முடிந்தபடியே காலித் தட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணும் போடலயா அதுக்கு?"

"இப்பத்தான் அண்ணி துன்னுச்சு. ரெண்டு தலை."

"துன்னதா? துன்னது ஏன் இப்டி கத்துது?"

"அப்டித்தான் கத்துது. தெனமும் அப்டித்தான்."

கிருபாவதி குனிந்து பூனையைத் தூக்கினாள். ஒரு கையில் தூக்கிவிட முடிந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அன்னபுஷ்பத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் எலும்பும் தோலுமா நிக்கற, இதுவும் எலும்பும் தோலுமா கீது. பதினோரு பேருக்குச் சோறு வடிக்கற வூட்ல ரெண்டு பட்டினி. பாக்கறவன் இன்னா நெனைப்பான்? கிருபாவதி சாவு காசு வாங்கி ரூம் கட்டிக்கினா, வூட்ல இருக்கறவளுக்குச் சோறு போடலன்னு நெனைப்பான். அத்தத்தான நீ வோணும்னு செய்ற?"

அன்னபுஷ்பம் அடுப்புப் பக்கம் திரும்பினாள். உலை பொங்கியது, மூடியைத் தள்ளி வைத்தாள்.

சூளையில் வளர்ந்தவர்களுக்கு உடம்பு இளைக்க ஒரே காரணம்தான் தெரியும்: சோறு போதவில்லை. மாடு இளைத்தால் தீனி இல்லை, பிள்ளை இளைத்தால் பால் இல்லை, பூனை இளைத்தால் எவனோ அதன் பங்கைத் தின்கிறான். வேறு கணக்கு அங்கே கிடையாது. கிருபாவதி காலை ஆறு மணிக்கு ஒரு கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள். நடுவில் நடக்கிறது அவளுக்குத் தெரியாது.

நடுவில் நடந்தது இதுதான். சி ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வருகிற இசக்கியப்பன் தன் முட்டையில் பாதியை ஜிம்மிக்குப் போடுவான். ஏ ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வருகிறவர்கள் மீன் முள்ளும் தயிர்ச்சோறும் போடுவார்கள். ராத்திரி கிருபாவதி தூங்கிய பிறகு பத்தரைக்கு பி ஷிப்ட் ஆட்கள் வந்ததும் மிச்சம் மீதி. ஒவ்வொருத்தனும் தான் போடுவதுதான் அதற்கு அன்றைக்குக் கிடைக்கிற ஒரே சோறு என்று நினைத்தான். ஒரு ஷிப்ட்காரன் வரும்போது இன்னொரு ஷிப்ட்காரன் பஸ்ஸில் இருப்பான், இல்லாவிட்டால் தூக்கத்தில் இருப்பான். மூன்று ஷிப்டையும் கண்ணால் பார்த்தவள் அன்னபுஷ்பம் ஒருத்திதான். ஒருநாள் கிருபாவதியிடம் சொல்லிப் பார்த்தாள். "எட்டு வேளை துன்னுது அண்ணி, எண்ணிட்டேன்" என்றாள்.

"எட்டு வேளை துன்னா அது பன்னி மாதிரி இருக்கும். யார்கிட்ட கத வுடற?"

அதற்குப் பிறகு சொல்லவில்லை. தன் பங்கு மீனையும் அதற்கே போட ஆரம்பித்தாள். அப்போதும் அது இளைத்தது. அவளும் இளைத்தாள். தன் பசியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மெஸ் நடத்துகிறவள் எனக்குப் பசிக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கிருபாவதி பூனையை ஒரு சாக்குப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் இருந்த காயலான் கடைக்குப் போனாள். இரும்பு எடை போடுகிற தராசில் மாசம் ஒருமுறை அதை நிறுத்துப் பார்ப்பது ஆகஸ்டிலிருந்து அவள் வழக்கம். கடைக்காரன் முதலில் சிரித்தான்; பிறகு அவனே சாக்கின் எடையைக் கழித்துச் சொல்லப் பழகிவிட்டான். ஆகஸ்டில் நாலு கிலோ. அன்றைக்கு இரண்டரைக்கும் கொஞ்சம் குறைவு.

அவள் திரும்பி வந்தபோது பையன்கள் பதினோரு பேரும் ரூம்களுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு ஒருநாள்தான் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். கோழிக் குழம்பு. அன்னபுஷ்பம் சோற்றுக் குண்டானோடு வரிசையின் நடுவில் நின்றாள். கம்பெனி பஸ் ஓட்டுகிற ஆபிரகாமுக்கும் அன்றைக்கு லீவு; ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

கிருபாவதி சாக்கை அவிழ்த்தாள். ஜிம்மி தள்ளாடி வெளியே வந்து நேராகக் குழம்புச் சட்டியைப் பார்த்துக் கத்தியது.

"ரெண்டரை கிலோ கூட இல்ல" என்றாள் கிருபாவதி. "எம்புள்ள வளத்த பூனை. எம்புள்ள போனதும் இது ஒண்ணுதான் மிச்சம். இதோட வாய்ச்சோத்தப் புடுங்கித் துன்ற கை எதுன்னு இன்னிக்குத் தெரியணும்."

"அக்கா, சாப்புட்டுகினு கீறாங்க. அப்பால பேசலாம்" என்றான் ஆபிரகாம்.

"அப்பால இன்னாடா அப்பால? இவங்க போட்ற வாடகைலதான இந்த வூடு ஓடுது. இவங்களும் பாக்கட்டும்." அவள் உள்ளே போனாள். சத்தம் கேட்டது. சூட்கேஸை வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்தாள். அன்று காலையில் தரை துடைத்தபோது அவளுக்கு அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். எறும்பு வரிசை கட்டிலுக்கடியில் போயிருக்கும். இரண்டு புடவைகளையும் தூக்கி வெளியே போட்டாள். பொறை பாக்கெட், பொட்டுக்கடலை, வெல்லம். அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முந்தின நாள் பொரித்த மீன் துண்டு ஒன்று.

இசக்கியப்பன் தட்டில் கையை வைத்தபடி அப்படியே நிறுத்தினான். மாரிசெல்வம் என்கிறவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான்.

"இதான். பூனைக்குப் போட்ற மீன் போய்ச் சேர்ற எடம் இதான்" என்றாள் கிருபாவதி. "திருடி. சோத்துத் திருடி. எம்புள்ளய வளத்தன்னு சொல்லிச் சொல்லியே என் வூட்ல ஒக்காந்து துன்னது போதாதா? வாயில்லாத ஜீவனோட பங்கயுமா?"

"இன்னா புஷ்பம் இது?" என்றான் ஆபிரகாம். கேள்வி மாதிரி இல்லை அது. வண்டி ஏன் நின்றது என்று கண்டக்டரைக் கேட்கிற குரல்.

அன்னபுஷ்பம் குண்டானைக் கீழே வைக்கவில்லை. வரிசையில் அடுத்துச் சோறு கேட்டு நீண்ட தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். கை நடுங்கி இரண்டு பருக்கை வெளியே விழுந்தது. அதைத் திருட்டு நடுக்கம் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. பசி மட்டும் இருந்தது.

கடைசித் தட்டு வரை பரிமாறி முடித்த பிறகு சொன்னாள். "அண்ணி, நாளைக்கு ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்கு அத்த இட்டுகினு போலாம். சோறு போடாம இளைச்சுதுன்னு டாக்டர் சொன்னா, நான் அங்கேர்ந்தே சுங்குவார்சத்திரம் பஸ் ஏறி எங்கண்ணன் வூட்டுக்குப் போயிட்றேன். திரும்பி வரமாட்டேன்."

"போ. ஆனா பூனைய உன்கைல தனியா குடுப்பேன்னு நெனைக்காத. நானும் வரேன்."

மறுநாள் ஷேர் ஆட்டோவில் இருவரும் போனார்கள். நடுவில் காய்கறிக் கூடை. மேலே துண்டு கட்டியிருந்தது. அன்னபுஷ்பத்தின் மடியில் ஒரு துணிப்பையும் இருந்தது. அதில் இரண்டு மாற்றுப்புடவை. கிருபாவதி அதைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கன்றுக்குட்டிகளும் ஆடுகளும் கயிற்றோடு நின்றன. கம்பவுண்டர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, கோழியா?"

"பூனை."

"பூனையா? பதினாறு வருஷ சர்வீஸ்ல எவனும் பூனைக்கு டோக்கன் வாங்கினது இல்ல. எங்ககிட்ட கீற ஊசி அத்த விட நீளமா கீதே. எங்க குத்தறது?"

பக்கத்தில் ஆட்டோடு நின்ற ஆள் சிரித்தான். கிருபாவதி முறைத்தாள்.

டாக்டர் முப்பது வயசுப் பெண். சிரிக்கவில்லை. ஜிம்மியை மேஜையில் வைத்து வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், நெஞ்சில் காதுக்குழாயை வைத்து வாட்சைப் பார்த்தாள். பிறகு கழுத்தை மேல்நோக்கி நிமிர்த்தி, இரண்டு விரலால் தொண்டையை மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் தடவினாள்.

"வயசு என்ன?"

"பதிமூணு."

"சாப்பாடு எப்படி?"

"சாப்பாடு எங்கம்மா கீது?" என்றாள் கிருபாவதி. "இவதான் போடணும். இவ போட்றதே இல்ல."

டாக்டர் அன்னபுஷ்பத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"காலைல நாலரைக்கு மீன் தலை சோறு. ஆறரைக்குச் சி ஷிப்ட் புள்ளைங்க முட்டை போடுவாங்க. எட்டுக்குப் பால். பதினொண்ணுக்கு மீன் கழுவசொல்லோ குடல் செதில். ரெண்டரைக்கு ஏ ஷிப்ட்டுங்க போட்றது. நாலுக்கு மறுபடி பால். ராத்திரி நம்ம சாப்பாட்ல கொஞ்சம். பத்தரைக்கு பி ஷிப்ட்டுங்க." மனப்பாட வசனம் ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "எல்லாத்தையும் துன்னும். மிச்சம் வைக்காது. அப்பவும் கத்தும். தண்ணியும் நெறைய குடிக்கும்."

"எட்டு வேளை" என்றாள் டாக்டர்.

"எட்டு வேளை."

"நம்பற மாதிரியா கீது?" என்றாள் கிருபாவதி.

"நம்பலாம்மா. இப்படிக் கத்தறது, முடி கெட்டுப் போறது, நெஞ்சு இந்த வேகத்துல அடிக்கிறது எல்லாம் சேத்துப் பாத்தா நம்பலாம். இங்க விரலை வைங்க." கிருபாவதியின் விரலைப் பிடித்துப் பூனையின் தொண்டையில் வைத்தாள். "பட்டாணி மாதிரி ஒண்ணு உருளுதா? இது கழுத்துச் சுரப்பி. வயசான பூனைக்கு இது சில நேரம் வீங்கிடும். வீங்கினா, தின்னறது அத்தனையும் உடம்பு எரிச்சித் தள்ளிடும். எவ்வளவு போட்டாலும் நிக்காது. பசி மட்டும் கூடிக்கிட்டே போகும். நான் படிச்சதுதான், கையால தொட்டுப் பாக்கறது இதுதான் மொத தடவை. சர்க்கரையாவும் இருக்கலாம், கிட்னியாவும் இருக்கலாம். வேப்பேரி பெரிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பாத்தாத்தான் முடிவாச் சொல்லலாம். ஆனா ஒண்ணு நிச்சயம். சோறு இல்லாம இளைச்ச பூனை இது கெடையாது. வேற வீடா இருந்தா இது எப்பவோ செத்திருக்கும். யாரோ விடாம போட்டதாலதான் நிக்குது."

கிருபாவதி விரலை எடுக்கவில்லை. அந்தப் பட்டாணி விரலுக்கடியில் உருண்டுகொண்டிருந்தது.

ஜிம்மி திமிறியது. அன்னபுஷ்பம் அதைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எழுத ஆரம்பித்தவள் பேனாவை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்தாள். விரல்கள் பத்தும் தந்திக் கம்பி மாதிரி அதிர்ந்தன. பனிக்காலக் காலை, ஃபேன் ஓடவில்லை, அன்னபுஷ்பத்தின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. டாக்டர் பார்வை அவள் கண்ணுக்கு ஏறி, கழுத்துக்கு இறங்கியது.

"ஏம்மா, உங்களுக்கும் பசிக்குதா?"

ஏழு மாசத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி.

"பசிக்குது."

"எப்போலேர்ந்து?"

"மே மாசத்துலேர்ந்து. துன்னா அடங்கறதில்ல. நெஞ்சு படபடன்னு கீது. தூக்கம் இல்ல. பாவாடை நாடாவ மூணு தபா உள்ள புடிச்சிட்டேன்."

"நான் மாட்டு டாக்டர். உங்களுக்கு நான் வைத்தியம் சொல்லக்கூடாது. ஆனா இந்தப் பூனையோட கழுத்தக் காட்டறதுக்கு முன்னாடி, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உங்க கழுத்தக் காட்டுங்க. நாள் தள்ளாதீங்க. நெஞ்சு தாங்காது."

வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடையைக் கிருபாவதி தூக்கினாள். சுங்குவார்சத்திரம் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அன்னபுஷ்பம் அதைப் பார்த்தாள். டாக்டர் சோறு போடவில்லை என்று சொல்லவில்லை. ஆகவே ஏற வேண்டியதில்லை. ஆனால் திரும்பிப் போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. கால் எங்கே நிற்கச் சொன்னதோ அங்கே நின்றாள். பஸ் புறப்பட்டுப் போயிற்று.

"வா, டீ குடிக்கலாம்" என்றாள் கிருபாவதி.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிருபாவதி ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். அன்னபுஷ்பம் அதை நாலு வாயில் முடித்தாள்.

"இன்னும் வோணுமா?"

"வோணும்."

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. இந்த முறை பொறை மாதிரி ஊறவைக்க வேண்டியதில்லை, மென்று தின்றாள். கடைக்காரன் ஒருமாதிரி பார்த்தான். "இன்னாடா பாக்கற? குட்றா" என்று கிருபாவதி அவனை அதட்டினாள். நாலாவதையும் அவளே எடுத்துப் பிட்டு டீயில் நனைத்து நீட்டினாள். எதிரில் இருப்பவளின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வீக்கம் இருந்தது. ஏழு மாசமாக ஒரே அடுப்படியில் எதிரெதிரே நின்றும் அது அவள் கண்ணில் படவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே புஷ்பம்."

"இன்னான்னு சொல்றது அண்ணி? பதினோரு பேருக்கு ஆக்கிப் போட்றவ, எனக்குப் பசிக்குதுன்னா?"

"சூளைல நான் சொல்லல? எத்தினி நாளு வாய் வுட்டு சொல்லியிருக்கேன். நீதான தூக்குல கஞ்சி எட்துகினு ஓடி வருவ. இடுப்புல எம்புள்ள, கைல தூக்கு. உச்சி வெயில்ல, செருப்பு கூட இல்லாம..." கிருபாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "உன்னப் போயி..."

"ரெண்டு நாளு அதோட மீன நான் துன்னது நெசம் அண்ணி" என்றாள் அன்னபுஷ்பம்.

கிருபாவதி நிமிர்ந்தாள்.

"டாக்டர் சொன்னதால நான் சுத்தம்னு நெனைச்சிக்காதீங்க. மத்த நாளெல்லாம் என் பங்கயும் அதுக்குத்தான் போட்டேன். டப்பால இருந்தது என் பங்கு மீனு, ராத்திரிக்குன்னு எட்து வச்சேன். ஆனா அக்டோபர் மாசத்துல ரெண்டு நாளு, அதுக்கு வேகவச்ச தலைய அடுப்படிலயே நின்னு துன்னுட்டேன். அது என் காலண்ட ஒக்காந்து பாத்துகினே இருந்துச்சு. நீங்க சொன்ன வார்த்தைல அந்த ரெண்டு நாளு கீது."

கூடைக்குள் ஜிம்மி கத்தியது. கிருபாவதி ஐந்தாவது பன்னைப் பிட்டு, பாதியைக் கூடைக்குள் போட்டாள். பாதியை அன்னபுஷ்பத்தின் கையில் வைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், கழுத்தில் படம் எடுத்தார்கள். மாட்டு டாக்டர் சொன்னதுதான், கழுத்துச் சுரப்பி. இன்னும் மூன்று நாலு மாசம் விட்டிருந்தால் வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும் என்று பெரிய டாக்டர் ஆபிரகாமைப் பார்த்துச் சொன்னார். ஆபிரகாம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் கிடந்த சூட்கேஸை எடுத்து மேலே பரணில் வைத்தான். ஒரு பாக்கெட் பொறை வாங்கி வந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி அடுப்படி அலமாரியில் வைத்தான். அவனுக்குத் தெரிந்த அளவில் மன்னிப்பு அவ்வளவுதான்.

வேப்பேரியில் ஜிம்மிக்கும் கழுத்துதான் என்றார்கள். மனுஷர் சாப்பிடுகிற அதே மாத்திரைதான், அளவுதான் குறைவு. கிருபாவதி தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு மாத்திரையை அன்னபுஷ்பத்தின் உள்ளங்கையில் வைப்பாள். இன்னொன்றைக் கத்தியால் கீறித் துண்டாக்கி, மீனுக்குள் பொதிந்து பூனைக்குக் கொடுப்பாள். விழுங்குகிறார்களா என்று இரண்டு பேரையும் நின்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவாள்.

ஜனவரியில் அன்னபுஷ்பத்தின் கை நடுக்கம் குறைந்தது. ஒரு தட்டுச் சோறு ஒரு தட்டாகவே வயிற்றில் தங்கியது. ஜிம்மியும் கால் கிலோ ஏறியது. அதுவரை எட்டு வேளையும் கத்திய பூனை வாயை மூடிக்கொண்டு வெயிலில் படுத்தது. கிருபாவதி அதைக் காயலான் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். பிப்ரவரியில் அது திடீரென்று சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கிட்னி போய்விட்டது என்றார்கள். முதலிலேயே உள்ளுக்குள் கெட்டுப் போயிருந்தது, வேகமாக அடித்த நெஞ்சு அதை மறைத்து வைத்திருந்தது என்று ஏதோ விளக்கினார்கள். கிருபாவதிக்கு விளங்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம், அன்னபுஷ்பம் பால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தபோதே அது அடங்கியது.

கிருபாவதிக்குக் கம்பெனி செக்யூரிட்டிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். யூனிபார்மோடு ஓடி வந்தாள். துண்டை விலக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குள் வந்து அன்னபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டாள். டென்னிஸ் செத்தபோதுகூட அவள் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அப்போது சுவரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மன்னிச்சுட்றி... நீதான் அவனுக்கு அம்மா. நான் கல்லு சுமந்தவ. நீதான்டி அம்மா. உன் வாய்ல சோத்து அளவு பாத்த பாவி நான்..." அழுகை உடம்பையே குலுக்கியது. அன்னபுஷ்பத்தின் தோள் நனைந்தது.

அன்னபுஷ்பத்தின் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையைத் தூக்கி அந்த முதுகில் வைத்தாள். ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். உடையவில்லை. பொய்யும் சொல்லத் தோன்றவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க அண்ணி. அன்னிக்கு பதினோரு பேரு சாப்புட்டுகினு இருந்தாங்க."

கிருபாவதியின் அழுகை நின்றது. விலகி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்றேன்" என்றாள். "வர்ற ஞாயித்துக்கெழம, எல்லாரும் ஒக்காந்ததும், அதே எடத்துல நின்னு சொல்றேன். ஏசு மேல ஆணை."

அந்த ஞாயிறு கம்பெனியில் ஓ.டி. போட்டுவிட்டார்கள், நாலு பேர்தான் இருந்தார்கள். எல்லாரும் வரட்டும் என்று கிருபாவதி தள்ளிப்போட்டாள். அடுத்த ஞாயிறு பாதிப் பேர் சம்பளத்தோடு ஊருக்குப் போயிருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். கிருபாவதி வாசல்வரை வந்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், "குழம்பு வோணுமாப்பா யாருக்காச்சும்" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்னபுஷ்பம் குண்டானோடு நின்றாள். ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் கடைசியில் கான்ட்ராக்ட் முடிந்து ஏழு பேரைக் கம்பெனி நிறுத்திவிட்டது. இரண்டு பேர் ஒரகடம் பக்கம் புதுசாய் வந்த கம்பெனிக்குப் போனார்கள். ஐந்து பேர் ஊருக்கே கிளம்பினார்கள். இசக்கியப்பன் பெட்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தான். கிருபாவதி உள்ளே அம்மியோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வாரேங்க்கா. உங்க கைச்சோறு மறக்காது." அவன் தயங்கினான். பிறகு குரலைத் தணித்துச் சொன்னான். "அக்கா, அந்தச் சூட்கேஸ் விசயத்த மனசுல வச்சிக்கிடாதிய. நாங்க யாரும் தப்பா நெனைக்கல. பசியில எடுத்துத் தின்னா தின்னதுதான, அதப் போயி ஒரு களவுன்னு... எங்க வீட்லயும் எங்கம்மா எடுத்துருக்கா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

நல்ல பிள்ளை. மனசார மன்னித்துவிட்டுத்தான் போகிறான்.

அன்னபுஷ்பம் திரும்பி அம்மிப் பக்கம் பார்த்தாள். கிருபாவதி கேட்டுவிட்டாள். கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது. வாய் திறந்தது, உதடு அசைந்தது. வாசலில் ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். "வாரேம்ல, பொறு" என்று கத்திக்கொண்டே இசக்கியப்பன் பெட்டியைத் தூக்கி ஓடினான்.

"பாத்துப் போப்பா" என்றாள் அன்னபுஷ்பம்.

மீதி நாலு பேருக்குத்தான் இனி உலை. அரிசியை அளந்து கழுவினாள். கிருபாவதி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்து குண்டானை வாங்கி, அடுப்பில் ஏற்றினாள். கண் கலங்கியிருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம்.

பதினோரு பேர் முன்னால் திருடி என்று சொன்னது. பதினோரு பேர் முன்னால் இல்லை என்று சொல்ல வேண்டியது. அந்த ஒரு வார்த்தை கிருபாவதியிடம் அன்னபுஷ்பத்துக்கு இன்னும் பாக்கி.